போகலாமா, சார்?

வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் போன பிறகும் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் போகாமல் நின்றது.

ஜோதிலிங்கம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மஃப்ளர் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையையும் அதே நுனியால் துடைத்தார். புள்ளி அப்படியே இருந்தது. திரையின் வலது ஓரத்தில் மாணவர் பெயர்கள் வரிசையாக இருக்கும். வகுப்புக்குள் வந்தவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், போய்விட்டால் அது சாம்பல் நிறமாகிவிடும். எல்லாப் பெயரும் சாம்பலாகிவிட்டது, டெல்பின் என்ற பெயரைத் தவிர. டெல்பினைப் போன வாரம்தான் அடக்கம் பண்ணியிருந்தார்கள்.

எந்த மூதி இவள் பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. பயமெல்லாம் வரவில்லை. பயப்படுவதற்கும் எதிராளி மேல் கொஞ்சம் மதிப்பு வேண்டுமே. பதினோராம் வகுப்பின் மேல் ஜோதிலிங்கம் சாருக்கு அது கிடையாது.

தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கால் நூற்றாண்டாக வேதியியல் சொல்லித் தருகிறவர் அவர். சொல்லித் தருவதைவிட, உங்களுக்கெல்லாம் இது ஏறாது என்று சொல்லிக் காட்டுவதில்தான் அவருக்கு ருசி அதிகம். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த நாளிலிருந்தே இந்த ஊர்ப் பிள்ளைகளை அவருக்கு ஆகாது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பரீட்சைத் தாளில் ஆங்கிலம், மூன்றிலும் பிழை என்பது அவர் கணிப்பு. இது போதாதென்று அந்த ஜனவரியில் இன்டர்நெட்டும் வந்து சேர்ந்தது.

பனிமூட்டமும் குளிரும் தாங்காமல் அரசாங்கம் பள்ளிகளை மூடச் சொல்லியிருந்தது. பரீட்சை நெருங்குகிறதே என்று பிரின்சிபால் உஷாராணி மேடம் ஒரு கம்பெனியைப் பிடித்து, ஆசிரியரும் மாணவரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே கூடுகிற ஆன்லைன் வகுப்பை ஏற்பாடு செய்தார். நொய்டாவிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்து எல்லாவற்றையும் விளக்கினான். ஆசிரியர் பேசுவது எல்லார் காதிலும் கேட்கும். அவர் முகம் திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் தெரியும். பிள்ளைகளால் பேச முடியாது, எழுதத்தான் முடியும். எல்லாரும் பார்க்கும்படியும் எழுதலாம், ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரியும்படியும் எழுதலாம். இனிமேல் ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் தூரம் என்பதே கிடையாது என்று அவன் இந்தியில் பெருமையடித்தான். அந்தத் தூரம் ஒன்றுதான் இத்தனை வருஷம் தன்னைக் காப்பாற்றியது என்று ஜோதிலிங்கம் சார் நினைத்துக்கொண்டார்.

முதல் நாளே பாதிப் பேர் உள்ளே வந்து புள்ளியைக் காட்டிவிட்டு ஆர்குட் பார்க்க ஓடிவிட்டார்கள். மறுநாள் அவர் ஒரு சட்டம் போட்டார். கேட்காமல் எவரும் எழுந்திருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போனாலும், பாத்ரூம் போனாலும், வகுப்பு முடிந்தே போனாலும் 'சார், போகலாமா?' என்று எழுத வேண்டும். அவர் 'போ' என்று தட்டினால்தான் போகலாம். மீறினால் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணில் கை வைப்பார். அந்த மதிப்பெண் அவர் கையில் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்திலும் அவர் வழக்கம் இதுதான். கையைத் தூக்கிக்கொண்டு நெளிகிறவனைப் பார்த்தும் பாராத மாதிரி பாடத்தை நடத்திக்கொண்டே போவார். சில பிள்ளைகளுக்கு அதனால் நேர்ந்த அவமானத்தைப் பிறகு ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்ததும் உண்டு. கம்ப்யூட்டரில் அந்தச் சுகம் இன்னும் சுலபமாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் வரிசையாகக் கெஞ்சுவார்கள். ஆங்கில எழுத்து இரண்டைத் தட்டினால் 'போ'. ஒவ்வொருவனாக விரட்டி ஒவ்வொரு புள்ளியாக அணைவதைப் பார்ப்பதுதான் அந்த நாளில் அவருக்குப் பிடித்த வேலை.

"யாருலே அது, டெல்பின் பேருல?" என்று மைக்கில் கேட்டார்.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. சட். கொஞ்சம் பொறுத்து மறுபடி, சட். கணப்புச் சட்டியில் கரி வெடிக்கிற சத்தம் மாதிரி. பிள்ளைகள் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வராது என்று நொய்டாக்காரன் சொல்லியிருந்தானே என்று அவருக்கு நினைவு வந்தது. கவைக்கு உதவாத பயல், கவைக்கு உதவாத மெஷின் என்று இரண்டையும் திட்டிவிட்டு, அவர் கம்ப்யூட்டரை அணைத்தார்.

அன்று மத்தியானமே உஷாராணி மேடத்துக்கு போன் போட்டார்.

"மேடம், அந்தச் செத்துப்போன புள்ள பேரை இன்னும் எடுக்கலியா?"

"அன்னைக்கே எடுத்துட்டேனே சார். என் லிஸ்ட்ல இல்லையே" என்றார் உஷாராணி. கொஞ்சம் தயங்கி, "நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்குக் காலைல உங்க கிளாஸ்லதான் சார் அவ இருந்திருக்கா. ஏதாவது சொன்னாளா? உடம்பு முடியலைன்னு, அந்த மாதிரி?"

"ஒண்ணுஞ் சொல்லலியே."

"அச்சா. சரி சார்."

கண் இமைக்காமல் சொன்ன பொய் அது. அவள் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு வகுப்பு பாதியில் இருந்தபோது அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வரி வந்தது: 'சார், தலை ரொம்ப வலிக்குது. தூக்கம் தூக்கமா வருது. போகலாமா?' ஜனவரி மாதத்துத் தில்லியில், கதவையும் ஜன்னலையும் அடைத்த அறைக்குள் ஒரு பெண்ணுக்குத் தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று யாரோ ஒரு கடைக்காரனுக்குத் தெரியாமல் போகலாம். கரி புகைந்தால் என்ன வாயு வரும், அது ரத்தத்தை என்ன செய்யும் என்று வருஷா வருஷம் பலகையில் எழுதிப்போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் வரியை எங்கே படித்தார், பெயரைத்தானே படித்தார். டெல்பின். அம்மா பெயர் தெரசா, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ். அப்பா இல்லை. விடியும் முன்னே எழுந்து சமைத்து வைத்துவிட்டு வந்து, இரண்டாவது பெஞ்சில் கண் சொருகுகிற பெண். தூங்குமூஞ்சி என்று அவர்தான் அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்.

'முடியாது. உக்காரு சவமே' என்று தட்டினார். அவர் ஊரில் சவம் என்பது சும்மா வாயில் வருகிற வசவு. உடனே பதில் வந்தது: 'சரி சார்.'

வகுப்பு முடிந்தபோது எல்லாரும் போகலாமா என்று கேட்டார்கள். அவள் கேட்கவில்லை. கேட்கத் திமிராக இருந்தால் உட்கார்ந்தே கிட என்று நினைத்துக்கொண்டு அவர் வகுப்பை மூடினார். மூடியதும் எழுதினதெல்லாம் அழிந்துவிடும் என்று நொய்டாக்காரன் சொல்லியிருந்தான். அந்த ஏற்பாட்டிலேயே அவருக்குப் பிடித்த ஒரே வசதி அதுதான்.

மறுநாள் காலையில் லோதி ரோடு முழுவதும் பனிக்குள் முங்கிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கும் இல்லை, வேப்பமரமும் இல்லை, வெள்ளையாக ஒரு சுவர் மட்டும் கண்ணாடியை ஒட்டி நின்றது. ஜன்னல் இடுக்குகளில் குளிருக்காகப் பழைய பேப்பரைத் திணித்து வைத்திருந்தார்கள். காலடியில் ஹீட்டர் சிவந்துகொண்டிருந்தது. மனைவி லீலாவதி மத்திய அரசு அமைச்சகத்தில் வேலை பார்க்கிறவள், இந்த குவார்ட்டர்ஸே அவள் பெயரில் கிடைத்ததுதான். சமையல் கட்டில் அவள் டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தமும் குக்கர் ஆறுகிற சத்தமும் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, எங்கிருந்தென்று தெரியாமல், நூல் மாதிரி மெல்லிசாக ஒரு வாசனையும் வந்தது.

"ஏளா, கரி வாடை அடிக்கா?"

"இல்லியே" என்றாள் லீலாவதி, ஷாலைச் சுற்றிக்கொண்டே. "ஒங்களுக்கு ஜலதோஷம். மூக்கு கெட்டுப்போச்சு. நான் வாரேன், பஸ்ஸை விட்டா இந்தப் பனில அடுத்தது எப்போன்னு தெரியாது."

கதவு சாத்துகிற சத்தம். படியில் செருப்புச் சத்தம். பிறகு ஹீட்டரின் முனகல் மட்டும் மிச்சம்.

டெல்பினின் புள்ளி அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்காமலே பாடத்தை ஆரம்பித்தார். கார்பன் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சிலிக்கானுக்குத் தாவினார்.

'சார், கார்பன் மோனாக்ஸைடு விட்டுட்டீங்க' என்று எழுதினான் கார்த்தி. முதல் பெஞ்சுக்காரன், ஒன்றையும் விட மாட்டான்.

'டெல்பினுக்கு அதுதான் ஆச்சுன்னு மம்மி சொன்னாங்க சார்' என்று கீழே மதுமதி எழுதினாள்.

"எல்லாம் தெரிஞ்ச கழுதைகளுக்கு என்னத்துக்கு வாத்தியாரு? நீங்களே நடத்திக்கிடுங்க" என்று மைக்கில் எரிந்து விழுந்தார். குரல் அவர் நினைத்ததைவிட உரக்கப் போய்விட்டது.

அப்போது பெயர் வரிசையில் ஒரு மஞ்சள் கை எழுந்தது. சந்தேகம் கேட்க விரும்புகிறவன் அழுத்துகிற பொத்தான் அது. அழுத்தினால் பெயருக்குப் பக்கத்தில் தூக்கிய கை மாதிரி ஒரு சின்னப் படம் வரும். டெல்பின் பெயருக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"யாருலே கையைத் தூக்குதது?"

'யாரும் தூக்கல சார்.'

'யாரைச் சொல்றீங்க சார்?'

"அந்த டெல்பின் பேருல எவன் இருக்கான்?"

பிறகு மதுமதி எழுதினாள்: 'அவ பேர் லிஸ்ட்லயே இல்ல சார்.'

மஞ்சள் கை இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையை அவர் எத்தனையோ தடவை பார்த்தும் பாராமலும் இருந்திருக்கிறார். இப்போதும் அப்படித்தான் இருக்கப் பார்த்தார். திரையில் இருந்த வெள்ளைப் பலகையில் சிலிக்கானின் குறியீட்டை எழுதினார். கரி வாசனை நூலாக இருந்தது கயிறாகத் தடித்திருந்தது. ஹெட்போனில் சட், சட் என்றது. அதற்கு அடியில், மிக மெதுவாக, ஒருவர் மூச்சு விடுவது. இழுத்து. நிறுத்தி. மறந்துபோன மாதிரி வெகு நேரம் கழித்து, மறுபடி.

அவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில் ஒரு வரி வந்தது.

'சார், போகலாமா?'

இரண்டு எழுத்து. தட்டியிருக்கலாம். பிள்ளைகளில் எவனோ விளையாடுகிறான் என்றாலும் தட்டிவிட்டால் தொலைந்தது. வேறு ஏதோ என்றாலும் தொலைந்தது. ஆனால் ஜோதிலிங்கம் சார் தட்டவில்லை. இப்போது போ என்று சொன்னால், அன்றைக்கு அவள் கேட்டதும் உண்மையாகிவிடும், இவர் மறுத்ததும் உண்மையாகிவிடும். ஒரு தடவை முடியாது என்று சொன்னதை மாற்றிச் சொல்லி அவருக்குப் பழக்கமும் கிடையாது. பதிலுக்கு 'யாருலே நீ?' என்று தட்டினார்.

'சார், போகலாமா?'

'உதை வாங்குவே.'

'சார், போகலாமா?'

குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினார்.

சாயங்காலம், தெருவிளக்கெல்லாம் பனிக்குள் மஞ்சள் கறைகளாக மாறியபோது, தெரசா வந்தாள்.

அழுது தீர்த்து முடித்தவளின் முகமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி போலிருக்கிறது, ஸ்வெட்டருக்குக் கீழே வெள்ளைச் சீருடை தெரிந்தது. லீலாவதி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து காப்பி கொண்டுவந்து வைத்தாள். தெரசா அதைத் தொடவில்லை. ஜோதிலிங்கம் சார் எதிர் நாற்காலியில், முகத்தைக் கொஞ்சம் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெற்றோர் கூட்டங்களில் அவர் உட்காருகிற விதம் அது.

"ரொம்ப நேரம் இருக்க மாட்டேன் சார்" என்றாள் தெரசா. திருச்சிப் பக்கத்துத் தமிழ். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். புசா ரோடு பக்கம் எங்களுது மொட்டைமாடி ரூம் சார். ஹீட்டரும் கம்ப்யூட்டரும் சேந்து போட்டா ஃப்யூஸ் போயிடும், ஹவுஸ் ஓனர் வந்து கத்துவாரு. கிளாஸை விட்டா நீங்க மார்க்கைக் கொறைச்சிடுவீங்கன்னு சொல்லுவா. அதனால காலைல ஹீட்டரை அணைச்சுட்டு அங்கீட்டிச் சட்டில கரியைப் போட்டு வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டர்ல உக்காருவா. கதவைத் திறந்து வெச்சுக்கடின்னு சொல்லிட்டுத்தான் போவேன். குளிருல மூடியிருக்கு புள்ளை."

லீலாவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"டியூட்டி முடிஞ்சு வந்து பார்த்தேன். நேரா உக்காந்திருந்தா சார். காதுல அது மாட்டுனபடி. மவுஸ் மேல கை. முகமெல்லாம் செவந்து, தூங்கி எந்திரிச்ச கொழந்தை மாதிரி. நர்ஸுக்குத் தெரியாதா சார் அந்தச் செவப்பு எதுனாலன்னு?" தெரசா அவரை நேராகப் பார்த்தாள். "தலை வலிச்சிருக்கும் சார். மொதல்ல தலைதான் வலிக்கும். கதவு கைக்கெட்டுற தூரம். ஏன் எந்திரிக்கலை? அதான் எனக்குப் புரியலை. அவ சொன்ன சொல்லு கேக்குற புள்ளை. கேக்காம எந்திரிக்க மாட்டா. உங்ககிட்ட கேட்டாளா சார்?"

ஆம் என்று சொல்வதற்கு ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் ஜோதிலிங்கம் சார் பார்த்தது எதிரில் இருந்தவளின் முகத்தை அல்ல. உஷாராணி மேடத்தை, பள்ளிக் கமிட்டியை, ஆசிரியர் அறையில் தன்னைப் பார்த்ததும் நிற்கப்போகிற பேச்சை, எல்லாவற்றையும்விட, ஒரு நர்ஸின் முன்னால் தலை குனிகிற தன்னை.

"ஒண்ணுங் கேக்கல. கேட்டா விட்டிருக்க மாட்டேனா?" என்றார்.

தெரசா தலையை ஆட்டினாள். "அதான் நானும் நெனச்சேன்" என்றாள். எழுந்தாள். "வரேன் சார். வரேங்க்கா."

அவள் போன பிறகு கம்ப்யூட்டர் இருந்த அறையைப் பார்த்தார். ப்ளக் அப்படியே தரையில் கிடந்தது. திரை கறுப்பாக இருந்தது. திரைக்குக் கீழே இருக்கிற பொட்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, பச்சையாக.

விடிகிறவரை ரஜாய்ப் போர்வைக்குள் கிடந்து யோசித்து, ஒரு முடிவுக்கு வந்திருந்தார். போ என்று தட்டிவிட வேண்டியது. சனியன் தொலையட்டும். மன்னிப்பு, வருத்தம் என்றெல்லாம் அவர் புத்தி போகவில்லை. காலில் ஒட்டினதைத் தட்டிவிடுகிற எரிச்சல்தான் இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்? வகுப்பை மூடினால் அதுவும் அழிந்துவிடும்.

லீலாவதி அன்றைக்கு அவரோடு பேசாமலே ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள். பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவர் ப்ளக்கை மறுபடி மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பனி ஜன்னலை ஒட்டி நின்றது. மூலைப் பெட்டியில் அவர் முகம் வந்தது: நரைத்த மீசை, மஃப்ளர், குரங்குக் குல்லாய், யாரையோ முறைக்கிற மாதிரி இரண்டு கண்கள். பெயர் வரிசையில் எல்லாம் சாம்பல். ஒன்று மட்டும் பச்சை.

கேள்வி வரட்டும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

அவரே தட்டினார்: 'போ.'

புள்ளி அசையவில்லை.

'போ.' 'போ.' 'போன்னு சொல்லுதேன்லா.' எழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. கரி வாசனை இப்போது தேடவேண்டிய நிலையில் இல்லை. தொண்டையில் ஒட்டியது. நாக்கில் ருசித்தது. ஹீட்டரைக் குனிந்து பார்த்தார். சுத்தமாக, சிவப்பாக எரிந்தது. காதுக்குள் சட் என்றது. வீட்டில் கரி கிடையாது. கரி வாங்கி எத்தனையோ வருஷமாகிறது.

'போ தாயி.'

வாழ்நாளில் ஒரு மாணவியை அவர் தாயி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. புள்ளி அப்போதும் எரிந்தது.

தலை வலிக்க ஆரம்பித்தது.

முதலில் நெற்றியில். பிறகு பின்மண்டையில். பிறகு கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. மொதல்ல தலைதான் வலிக்கும். அவருக்குத் தெரியும். அடுத்தது என்ன என்றும் தெரியும். பாடம் அது. ஜன்னலைத் திறக்க வேண்டும். கதவு பின்னாலேயே இருக்கிறது. நாலடி. எழுந்தால் போதும்.

எழவில்லை.

கை கால் கட்டப்பட்டிருக்கவில்லை. கால் விரல்களை அசைத்துப் பார்த்தார், அசைந்தன. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளைகள் ஏன் சும்மா ஓடிப்போகவில்லை என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. கதவு திறந்துதானே இருந்தது. ஓடியிருக்கலாமே. இப்போது தெரிந்தது. ஓட முடியாது. யாராவது சொல்ல வேண்டும். யாராவது போ என்று சொல்ல வேண்டும்.

தூக்கம் வந்தது. இதமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அவர் விரல்கள் தட்டின. அவர் தட்டச் சொல்லவில்லை.

'போகலாமா?'

ஹெட்போனில் மூச்சு நின்றது. பதில் உடனே வந்தது.

'முடியாது. உக்காரு சவமே.'

உட்கார்ந்தார்.

ஒவ்வொரு பெயராகப் பச்சையானது. பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். குட் மார்னிங் சார். குட் மார்னிங் சார். வரிகள் மேலே ஏறின. இத்தனை வருஷமாக அவர் காதில் ஈ மாதிரி மொய்த்த அந்த குட் மார்னிங். இப்போது ஒவ்வொன்றையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கதவைத் தட்டச் சொல்லுங்கள். யாரையாவது அனுப்புங்கள். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

'சார் இன்னைக்கு ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க' என்று எழுதினாள் மதுமதி. 'முகம் நல்ல பிங்க்கா இருக்கு.'

மூலைப் பெட்டியைப் பார்த்தார். குல்லாய்க்கும் மீசைக்கும் நடுவே கன்னங்கள் சிவந்திருந்தன. தூங்கி எழுந்த குழந்தை மாதிரி. நேராக உட்கார்ந்திருந்தார். மவுஸ் மேல் கை.

'சார், கிளாஸ் ஆரம்பிக்கலாமா?'

'சார்?'

'சார், ஆவாஸ் வரல, ஒண்ணும் கேக்கல.'

காத்திருந்தார்கள். நன்றாகப் பழக்கியிருந்தார் அல்லவா. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ஒரு புள்ளிகூட அணையவில்லை. ஊரெங்கும் அடைத்த அறைகளுக்குள், போர்வையும் குல்லாயுமாக, திரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு கார்த்தி எழுதினான். அவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில்.

'சார், தலை வலிக்குது. தூக்கமா வருது. போகலாமா?'

அவர் விரலைப் பார்த்தார். இரண்டு எழுத்து. விரலே, ஒரே ஒரு தடவை.

'சார், எனக்கும் தலை வலிக்குது. போகலாமா?' மதுமதி.

இன்னொரு வரி. இன்னொரு வரி. எல்லாம் அதே வரி. மஞ்சள் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன, மேலிருந்து கீழ்வரை, எல்லாப் பெயருக்கும் பக்கத்தில்.

அவர் பெயரில் பதில் போயிற்று.

'முடியாது.'

'சரி சார்' என்றான் கார்த்தி.

'சரி சார்.'

'சரி சார்.'

'சரி சார்.'